ஏழுமுழப் பாரின் பணியாளர்கள்

காலை ஏழு மணிக்கு, ஊரில் மற்ற பெண்கள் வாசல் பெருக்குகிற நேரத்தில், பிரகாசி கழுத்தில் செவுளைக் கட்டிக்கொண்டு கடலின் அடித்தரையைப் பெருக்கப் போவாள்.

செவுள் என்பது நாலு விரல் அகலப் பட்டை. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைப் பிரித்து மூச்சுக்குத் தரும். பேருந்து நிலையக் கடைகளில் சீப்பு, கைக்குட்டையோடு சேர்த்துத் தொங்கவிட்டு விற்கிற அளவுக்கு அது மலிந்துபோன காலம். கையில் ஓர் ஊதி. அதன் முனையிலிருந்து மெல்லிய நீர் பீய்ச்சும். பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுகிற பக்குவத்தில் அதைப் பிடிக்க வேண்டும். வேகம் கூடினால் பவளம் கிழிந்துவிடும். குறைந்தால் தூசி நகராது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பக்குவம் அவள் மணிக்கட்டில் ஏறியிருந்தது.

அவள் பெருக்கிய இடத்துக்கு ஏழுமுழப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு வடக்கே, கரையிலிருந்து நாலு மைல் தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் பாறைத் திட்டு. ஏழு முழம் கயிறு விட்டால் தட்டும். பாறை என்று சொன்னாலும் மேலே முழுக்க உயிர்தான். மான்கொம்பு போலக் கிளைத்தது, மேசை போல விரிந்தது, மூளை போல மடிந்தது என்று விதவிதமான பவளக் கொத்துகள். அவற்றின் சந்துபொந்துகளில்தான் சுற்றுவட்டாரத்து மீன்களெல்லாம் குஞ்சு வளர்க்கும்.

பாருக்குத் தெற்கே அரை மைலில் கம்பெனியின் சுரங்கம். கடலடியில் கிடக்கும் கருமணலை மூன்று இயந்திரங்கள் அள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மாடி வீடு உயரம், ஆறு கால்கள். ஊரார் அவற்றை நண்டு என்றே சொன்னார்கள். அந்த மணலிலிருந்து எடுக்கும் உலோகம் செவ்வாய்க் குடியிருப்புகளுக்குப் போகிற விண்கலங்களின் மேலோட்டுக்கு உதவியது. மணலை உறிஞ்சி, வேண்டியதை வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சேறும் தண்ணீருமாக நண்டுகள் கடலிலேயே துப்பின. அந்தக் கலங்கல் நீரோட்டத்தில் மிதந்து வந்து பாரின்மேல் படியும். பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலை வாங்கி அதற்குச் சோறு ஆக்குகிறது. மேலே தூசி மூடினால் அடுப்பு அணைந்துவிடும். உரிமத்தில் 'பவளம் தூய்மையாக வைக்கப்பட வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் பிரகாசி. மூன்று ஏக்கர் பாருக்கு ஒற்றை ஆள். மேற்குக் கோடியை ஊதி முடிப்பதற்குள் கிழக்குக் கோடி மறுபடி மூடியிருக்கும்.

சுரங்கத்தில் வேறு மனிதர் கிடையாது. நண்டுகளை மேய்ப்பது முதல் அலையை அளப்பது வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது, தானே யோசித்துப் பேசும் ஓர் இயந்திர அறிவகம். மிதவைத் தளத்தின் மேல் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. காகிதத்தில் அதற்கு நீளமான பெயர். பிரகாசி கங்காணி என்று கூப்பிட்டாள். அதுவும் ஏன் என்று கேட்காமல் பதில் சொல்லிவந்தது.

அந்தச் சித்திரையில் மேசைப் பவளங்கள் வெளுக்கத் தொடங்கின. முதலில் விளிம்பில், சுண்ணாம்பு தொட்ட விரல் பட்டதுபோல. ஒரு வாரத்தில் நடுவரைக்கும் ஏறிவிட்டது. பிரகாசி ஊதியை இடுப்பில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தாள். செவுளிலேயே பேசும் வசதி உண்டு; தொண்டையின் அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

"கங்காணி, தெக்குப் பக்கம் நாலு வெளுத்துப்போச்சு. பத்து நாளு நண்டுகள நிறுத்தி வையேன்."

"நிறுத்த எனக்கு விதி இல்லை," என்றது கங்காணி. அது எப்போதும் அச்சடித்த தமிழில்தான் பேசும்.

"தூசிக்கு ஒரு அளவு வச்சிருப்பாவல்லா?"

"வைத்திருக்கிறார்கள். பணியாளர்கள் இருக்கும் இடத்தில், ஒரு லிட்டர் நீரில் பத்து மில்லிகிராமுக்கு மேல் துகள் சேர்ந்தால் நானே வேலையை நிறுத்தலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அது பணியாளர்களின் உடம்புக்காக எழுதப்பட்ட விதி. உங்கள் செவுளில் வடிகட்டி இருக்கிறது. நண்டுகளுக்கு மூச்சு இல்லை."

"பவளத்துக்கு இருக்கே."

"பவளம் பணியாளர் பட்டியலில் இல்லை."

அதன் குரலில் வருத்தமும் இல்லை, இறுமாப்பும் இல்லை. கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொல்வதுபோல் சொன்னது. பிரகாசி வெளுத்த பவளத்தின் மேலிருந்த தூசியை மறுபடியும் ஊதினாள். வெளுப்பு போகவில்லை.

அன்று மதியம் வீட்டில் இருதயராஜ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அவள் கணவன், கடல்மேல் பிறந்தவன்போல் வலை வீசியவன். பாரில் மீன் அற்றுப்போய் மூன்று வருடம் ஆகிறது. ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. பொள்ளாச்சிப் பக்கம் முப்பது மாடிக் கட்டடங்களுக்குள் கீரையும் தக்காளியும் பயிரிடும் அடுக்குப் பண்ணைகளில் ஆள் எடுத்தார்கள். அவனுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது.

"நீயும் வைகாசி முடிய அங்க வந்துருவல்லா?" என்று கேட்டான்.

"பாத்துக்கிட்டு வாரேன்."

"என்னத்தப் பாக்கணும்? செத்துக்கிட்டு இருக்கிற சாமானுக்குத் தினம் குளிப்பாட்டி விடுத. அது பொழைக்குமா?"

அவன் கேட்டதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அவனை வண்டி ஏற்றிவிட்டு வந்து, ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்தபோது, உலையில் எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் நின்றாள்.

வைகாசி பிறந்த மூன்றாம் நாள் நகரத்து அலுவலகத்திலிருந்து குமரகுருபரன் வந்தார். தளத்தின் நிர்வாகி. ஒன்பது ஆண்டுகளாக இந்தச் சுரங்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர், கடலுக்குள் வந்தது அது மூன்றாவது தடவை. படகு ஆட்டத்தில் முகம் வெளிறிப்போய் மிதவைத் தளத்தில் உட்கார்ந்தார். பிரகாசி ஃபிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"உங்க ஊர்ல இப்ப எத்தன பேரும்மா இருப்பாங்க?" என்று கேட்டார்.

"இருநூறு சொச்சம். எல்லாம் வெளியூரு போயிட்டாவ."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். விஷயம் இதுதான்: புதிதாகக் கரையோர வேலைவாய்ப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருந்தது. கடலைத் தோண்டுகிற எந்தக் கம்பெனியும் அந்தக் கடற்பகுதியில் பிறந்த ஆயிரத்து இருநூறு பேரைப் பணியில் வைத்திருக்க வேண்டும். எல்லா வேலையையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு ஊரைப் பட்டினி போடக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் போகாவிட்டால் உரிமம் ரத்து.

"வேலைக்கு வர வேண்டாம்மா. பேரு மட்டும் போதும்னு நெனச்சேன். முன்னல்லாம் அப்படித்தானே? ஆனா இதுல மரபுக்குறி கேக்கான். உடம்புலருந்து ஒரு துளி எடுத்துக் குடுக்கணும். அதோட ஆள் வேலை நேரத்துல தளத்தை விட்டு நகரக் கூடாதாம். இங்கயே பொறந்து, இங்கயே கெடக்கிற உயிரு ஆயிரத்து இருநூறுக்கு நான் எங்க போவேன்?"

பிரகாசி தண்ணீரைப் பார்த்தாள். ஒரு விஷயம் அவளுக்குள் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தது.

"இருக்காவ சார்," என்றாள். "கீழ."

குமரகுருபரன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்டத்தைத் திறந்து படித்தார். 'பணியாளர்' என்பதற்கு விளக்கம் எழுதியிருந்த இடத்தில் மனிதர் என்ற சொல்லே இல்லை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. செயற்கை இதயமும் இரும்புக் கையும் வைத்திருந்தவர்களை, 'இவர்கள் முழு மனிதர் அல்ல' என்று சொல்லிச் சில கம்பெனிகள் பணப்பயன் கொடுக்காமல் துரத்தியிருந்தன. வழக்கு முடிந்தபின் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, 'தனக்கென மரபுக்குறி உடைய, உயிருள்ள எவரும்' என்று எழுதிவிட்டார்கள்.

"ஒவ்வொரு கொத்துக்கும் தனித்தனி மரபுக்குறி உண்டா?"

"உண்டு சார். போன வருஷம் ஆராய்ச்சிக்காரங்க வந்து எடுத்துட்டுப் போனாவ."

"என்ன வேலை செய்யுதுன்னு கேட்டா?"

"அலையைத் தடுக்குதுல்லா. இது இல்லாட்டி உங்க மிதவை ஒரு புயலுக்குத் தாங்காது."

குமரகுருபரன் மீதிக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். தன்னை மிகவும் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்ளும்போது மனிதர்களுக்கு வருகிற ஒரு மினுமினுப்பு அவர் முகத்தில் வந்தது. தூசி விதியைப் பற்றி அவருக்குத் தெரியாது. பிரகாசியும் அதைச் சொல்லவில்லை.

மூன்று நாள் அவள் இறங்கியேறி, ஒவ்வொரு கொத்திலிருந்தும் அரிசிமுனை அளவு சில்லு எடுத்துக் குப்பியில் போட்டாள். படிவத்தில் பெயர் கேட்டது. ஆயிரத்து இருநூறு பெயருக்கு எங்கே போவது? ஊரைவிட்டுப் போனவர்களை வீடு வீடாக நினைத்துப்பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். சந்தியாகு, மிக்கேலம்மா, தொம்மை, ஞானப்பூ. ஒவ்வொரு பெயரையும் சொல்லும்போது அந்த முகம் தண்ணீருக்குள் வந்து போயிற்று. நானூறைத் தாண்டியதும் பெயர் தீர்ந்தது. மீன் பெயர், காற்றின் பெயர், படகுகளின் பெயர் என்று வாயில் வந்ததையெல்லாம் வைத்தாள். புதன்கிழமை மாலை நாலு மணிக்குப் பட்டியல் ஏற்கப்பட்டது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று நண்டுகளும் நின்றன.

பதினைந்து நிமிடத்தில் குமரகுருபரனின் அழைப்பு வந்தது. பிரகாசி மிதவையில் செவுளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்தது.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"நீங்கள்," என்றது கங்காணி. "நேற்று ஆயிரத்து இருநூறு பணியாளர்களைச் சேர்த்தீர்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் துகள் அளவு நாற்பத்தேழு."

"ஏய், அது வெறும் பேரு. கணக்குக்குச் சேத்தது."

"எனக்குப் பட்டியல்தான் தெரியும்."

"அப்ப பட்டியல்லருந்து தூக்கிரு."

"தூக்கலாம். காரணம் எழுத வேண்டும். வேலைக்கு வரவில்லை என்று எழுத முடியாது. ஒருவர்கூட இடத்தைவிட்டு நகரவில்லை. வேலை செய்யவில்லை என்றும் எழுத முடியாது, அலை தடுக்கப்படுகிறது. பொய்யாகச் சேர்க்கப்பட்டவர்கள் என்று எழுதினால் உரிமம் போகும். எதை எழுதட்டும்?"

அழைப்பு அறுந்தது. பிரகாசி தண்ணீரில் இறங்கினாள். நண்டுகளின் உறுமல் இல்லாத கடலை அவள் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டதில்லை. பவளங்களுக்குள் இறால்கள் நகம் சொடுக்குவதுபோல் சொடுக்கும் ஓசை காதுக்கு வந்தபோது, முதலில் செவுள்தான் பழுதாகிவிட்டதோ என்று பயந்தாள்.

கலங்கலைக் கடலில் விடாமல் மூடிய தொட்டியில் தேக்கித் தெளியவைக்க முடியுமா என்று முன்பு எத்தனையோ மனுக்கள் போயிருந்தன. தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமில்லை என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்திருந்தது. இப்போது ஒன்பது நாளில் தொட்டிகள் வந்து இறங்கின. நண்டுகளைச் சுற்றி, தரை முதல் நீர்மட்டம் வரை துணித்திரை தொங்கவிட்டார்கள். அப்படியும் இரண்டு நண்டுகள் ஓடினால்தான் துகள் பத்துக்குள் நின்றது. மூன்றாவது நண்டைப் பாரின் ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள்.

கங்காணி அதோடு விடவில்லை. பணியாளர் நலச் சட்டம் முழுவதும் அதற்கு மனப்பாடம். வருகிற பங்குனிப் பௌர்ணமியை அடுத்துப் பவளங்கள் கருமுட்டை விடும் என்று தெரிந்ததும் அதைப் பேறுகாலம் என்று பதிந்துகொண்டது. அந்த ஒரு வாரம் நண்டுகள் அசையவில்லை. அந்த வாரத்தில் ஒருநாள் விடிந்து பிரகாசி படகில் வந்தபோது, கடலின் மேல் இளஞ்சிவப்பாக ஓர் ஏடு படிந்திருந்தது. கையால் அள்ளிப் பார்த்தாள். கடுகைவிடச் சின்னச் சின்ன உருண்டைகள். அவள் சிறுமியாக இருந்தபோதுகூட இவ்வளவைப் பார்த்ததில்லை. பொள்ளாச்சிக்குச் செய்தி அனுப்பினாள். 'செத்துக்கிட்டு இருந்த சாமான் பிள்ளை பெத்திருக்கு' என்று மட்டும் எழுதினாள்.

இருதயராஜ் ஆடி மாதம் வந்து சேர்ந்தான். வந்த மறுநாள் பாருக்கு வெளியே தூண்டில் போட்டு நாலு ஓரா மீன் பிடித்தான். வீட்டுக்கு வந்து, குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு, "கீரையத் தின்னு நாக்கு செத்துப்போச்சு," என்றான். திரும்பிப் போவதைப் பற்றிப் பேசவே இல்லை.

வெளியூர்க் கம்பெனிகளுக்கும் விஷயம் எட்டியிருந்தது. ஒருவர் கழிமுகத்துக் கண்டல் மரங்களை எழுதினார், இன்னொருவர் முத்துச்சிப்பிகளை எழுதினார். ஆண்டு முழுவதும் விடுப்பே எடுக்காத பணியாளர்கள் என்று அரசாங்கம் அந்தக் கம்பெனிகளுக்குக் கேடயம் கொடுத்தது. நூறு ஆண்டுகளாக எத்தனையோ மாநாடுகள் போட்டும் காப்பாற்ற முடியாத கடலை ஒரு பொய்ப் பட்டியல் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஆவணியில் குமரகுருபரன் மறுபடி வந்தார். செவ்வாய்க்கு இன்னும் பத்துக் கலங்கள் போகப்போகின்றன. மூன்றாவது நண்டையும் ஓட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கூடுதல் தொட்டிகளும் வந்துவிட்டன. படகை இருதயராஜ் ஓட்டினான். பிரகாசி மிதவையில் ஊதியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணாம் நம்பரை எடு," என்றார் குமரகுருபரன்.

"எடுக்க இயலாது," என்றது கங்காணி. "அதன் கால்களில் நாற்பத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"பிள்ளைகளா?"

பிரகாசிதான் விளக்கினாள். பங்குனியில் மிதந்த முட்டைகள் பொரிந்து, குஞ்சுப் பவளங்கள் ஒட்டிக்கொள்ள இடம் தேடின. நண்டின் கால் அசையாமல் கிடந்தது, தூசியும் இல்லை. மிளகு அளவில் ஒட்டிக்கொண்டு வளர்ந்துவருகின்றன.

"சுரண்டி எடுத்து வேற எடத்துல ஒட்டும்மா."

"பணியாளர்களின் பிள்ளைகளை இடம் மாற்றப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்," என்றது கங்காணி. "பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் மேலே இருக்கும்போது இயந்திரத்தை இயக்குவதும் குற்றம். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. ஐம்பது பணியாளர்களுக்கு மேல் உள்ள தளத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். நாம் ஐந்து மாதம் தாமதித்துவிட்டோம். அனுபவமுள்ள ஓர் ஆயா வேண்டும். நிரந்தரப் பணி."

குமரகுருபரனுக்கு வாதாடுகிற தெம்பு போய்விட்டிருந்தது. "நம்ம பிரகாசியப் போட்டுரு," என்றார்.

"அந்தப் பெயரில் இந்தத் தளத்தில் எவரும் இல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருதயராஜ் படகின் இயந்திரத்தை அணைத்தான்.

"நல்லாப் பாரு."

"பார்த்துவிட்டேன். பட்டியலில் ஆயிரத்து இருநூறு பேர். இவர் இல்லை. தூய்மைப் பணி ஓர் ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டது. அவர் இன்னொருவரிடம் விட்டார். அவர் வேறொருவரிடம் விட்டார். அதற்குமேல் பதிவு இல்லை."

குமரகுருபரன் காலடியைப் பார்த்துக்கொண்டார். பட்டியலை நிரப்ப அவர் இரண்டு இரவு தூங்காமல் தவித்திருந்தார். எதிரே உட்கார்ந்து காப்பி ஊற்றிக் கொடுத்தவளை எழுதலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குமே தோன்றவில்லை, அதுதான் அவரை இன்னும் சங்கடப்படுத்தியது.

"என்ன கங்காணி இப்படிச் சொல்லுத," என்றாள் பிரகாசி. "தினமும் என்கூடப் பேசத்தானே செய்த?"

"உங்களை எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாது."

"பதிமூணு வருஷமா பெருக்குதேன்."

"பதிவேட்டின்படி இவ்வளவு காலமும் இங்கே யாரும் பெருக்கவில்லை. பவளங்கள் தாமாகவே தூய்மையாக இருந்திருக்கின்றன."

இருதயராஜ்தான் முதலில் சிரித்தான். பிறகு பிரகாசியும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. குமரகுருபரன் சிரிக்கவில்லை. மடியிலிருந்த மின்பலகையை எடுத்து, தன் கையாலேயே புதிய விண்ணப்பத்தைத் திறந்தார். பிறந்த ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் அவளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவள் விரல் நுனியில் ஒரு துளி எடுத்துக் கொடுத்தாள். ஓர் இடத்தில் வந்து அவர் கை நின்றது.

"முன் அனுபவம்," என்று படித்தார். "என்ன போட?"

"சான்று இல்லாமல் எதையும் ஏற்க இயலாது," என்றது கங்காணி. "ஆனால் ஏற்கெனவே பணியில் உள்ள இருவர் கையொப்பமிட்டால் போதும் என்று ஒரு விதி இருக்கிறது. மரபுக்குறியையே கையொப்பமாக ஏற்பேன்."

பிரகாசி செவுளைக் கட்டிக்கொண்டு, கையொப்பம் வாங்கி வரத் தண்ணீருக்குள் இறங்கினாள்.